மூன்றரை வட்டிக்கு ஒரு பளபளப்பான அட்டை

வட்டிக்கு விடுகிறவனை நமது ஜனங்களுக்கு நன்றாகத் தெரியும். சம்பளத் தேதியன்று ஆலை வாசலில் வந்து நிற்பவனும், அறுப்புக் காலத்தில் களத்துமேட்டுக்கே வந்து விடுகிறவனும், தண்டல் நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சந்து சந்தாக நுழைகிறவனும் நமக்குப் பழக்கமான ஆசாமிகள். அவன் கேட்கும் வட்டி என்ன என்பதும் நமக்குத் தெரியும். 'இரண்டு வட்டி' என்றால் நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய். 'ஐந்து வட்டி' என்றால் ஐந்து ரூபாய். 'பத்து வட்டி' என்றால் குடும்பம் தெருவுக்கு வரப்போகிறது என்று அர்த்தம். எழுத்தறியாத கிழவிகூட இந்தக் கணக்கை விரல்விட்டுச் சொல்லிவிடுவாள்.

இப்போது புதிதாக ஒரு வட்டிக்காரன் வந்திருக்கிறான். இவன் தண்டல் நோட்டுடன் வருவதில்லை. உள்ளங்கை அகலத்தில், பளபளவென்று, நமது பெயரைப் பொறித்துக்கொண்டு தபாலில் வருகிறான். அவனுக்குக் கிரெடிட் கார்டு என்று பெயர். வட்டி என்ன என்று கேட்டால் இவன் வாயால் சொல்லமாட்டான். பொடி எழுத்தில் அச்சிட்ட காகிதத்தில், இருபதாவது ஷரத்திலோ முப்பதாவது ஷரத்திலோ சொல்லியிருப்பான். அதைத் தேடிப் படித்தால் பல கார்டுகளில் மாதத்துக்கு 3.5 சதவீதம் என்று இருக்கும். அதாவது, நமது பாஷையில், மூன்றரை வட்டி! சில கார்டுகளில் அதற்கும் மேலே.

"கார்டெல்லாம் ஆபீசருக்கும் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்களுக்கும்தானே, பஞ்சாலைத் தொழிலாளிக்கும் விவசாயக் கூலிக்கும் அதில் என்ன அக்கறை?" என்று சிலர் கேட்கக்கூடும். அந்தக் காலம் மலையேறிவிட்டது. சம்பளம் பாங்கிக் கணக்கில் போடப்படுகிற ஒவ்வொரு தொழிலாளியின் கதவையும் கார்டு ஏஜெண்டு தட்டுகிறான். செல்போன் கடையிலும் பெட்ரோல் பங்கிலும் மேசை போட்டு உட்கார்ந்துகொண்டு, "ஆதார், பான் கார்டு இருந்தால் போதும்" என்கிறான். கூலி வேலை செய்து படிக்க வைத்த பிள்ளை திருப்பூரிலோ ஓசூரிலோ சென்னையிலோ வேலைக்குப் போன ஆறாவது மாதத்தில் அவன் சட்டைப் பைக்குள் ஒரு கார்டு ஏறிவிடுகிறது. இரண்டு வருஷம் கழித்துக் கிராமத்தில் இருக்கும் தாய் தகப்பனுக்கு ஒரு போன் வருகிறது: "உங்கள் மகன் எண்பதாயிரம் பாக்கி." ஆகவே இது நமது பிரச்சினைதான். இதை நாம் தெரிந்துகொண்டே ஆகவேண்டும்.

இந்தக் கார்டு எங்கிருந்து வந்தது?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ஏ.டி.எம். கார்டு, அதாவது டெபிட் கார்டு, வேறு. கிரெடிட் கார்டு வேறு. டெபிட் கார்டில் நாம் செலவழிப்பது நம் கணக்கில் கிடக்கும் நம்முடைய பணம். கிரெடிட் கார்டில் நாம் செலவழிப்பது பாங்கியின் பணம். தேய்க்கும் ஒவ்வொரு தடவையும் நாம் பாங்கியிடம் ஒரு புதுக் கடன் வாங்குகிறோம். பத்திரம் இல்லை, சாட்சி இல்லை, கைநாட்டு இல்லை. ஆனாலும் அது கடன்தான்.

இந்த வியாபாரம் அமெரிக்காவில் பிறந்தது. 1950-ல் நியூயார்க் நகரத்தில் டைனர்ஸ் கிளப் என்ற கம்பெனி, ஓட்டல் பில்லை மாதக் கடைசியில் கட்டும் வசதியுடன் ஓர் அட்டையைக் கொண்டுவந்தது. அதில் பாக்கி வைக்க முடியாது. மாதம் முடிந்தால் முழுப் பணமும் கட்ட வேண்டும். 1958 செப்டம்பரில் பாங்க் ஆப் அமெரிக்கா என்ற பெரிய பாங்கி கலிபோர்னியாவில் பிரெஸ்னோ என்ற ஊரைப் பிடித்தது. அந்த ஊர்க்காரர்களுக்கு, கேட்காமலேயே, சுமார் 60,000 கார்டுகளைத் தபாலில் அனுப்பி வைத்தது. அதில் ஒரு புதுமை இருந்தது. முழுப் பணமும் கட்ட வேண்டியதில்லை; கொஞ்சம் கட்டினால் போதும், மீதியை வட்டியோடு அடுத்த மாதத்துக்குத் தள்ளிக்கொள்ளலாம். இன்று உலகம் பூராவும் ஓடுகிற கார்டு வியாபாரத்தின் உயிர்நாடி அந்தப் 'புதுமை'தான். அந்தக் கார்டுதான் 1976-ல் விசா என்று பெயர் மாற்றிக்கொண்டது. இப்படிக் கேட்காமல் கார்டு அனுப்புவதை அமெரிக்க சர்க்கார் 1970-ல் தடை செய்தது. நமது நாட்டில் 1980 வாக்கில் பாங்கிகள் இந்தத் தொழிலில் இறங்கின.

இனாமா? யார் தலையில்?

"நாற்பத்தைந்து நாள் வட்டியில்லாமல் கடன் கிடைக்கிறது, அதோடு பாயிண்டும் தருகிறான், தள்ளுபடியும் தருகிறான். இதில் என்ன மோசம்?" என்று கேட்கிற தோழர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். பாங்கி தர்ம சத்திரம் நடத்தவில்லை என்பதை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொண்டு கணக்கைப் பார்ப்போம்.

நாம் கடையில் கார்டைத் தேய்த்தால் அந்தக் கடைக்காரர் பாங்கிக்குக் கமிஷன் கட்டுகிறார். அந்தக் கமிஷனைச் சாமான் விலையில் சேர்த்துத்தான் அவர் விற்கிறார். ஆகவே கார்டே இல்லாதவரும் ரொக்கம் கொடுத்து வாங்கும்போது அதில் ஒரு பங்கைச் சுமக்கிறார். பாங்கிக்கு வருமானம் அதோடு நிற்பதில்லை. வருஷாந்தரக் கட்டணம், தாமத அபராதம், இவற்றுக்கெல்லாம் மேலாக வட்டி! மாதாமாதம் முழுத் தொகையையும் கட்டிவிடுகிறவன் பாங்கிக்கு லாபமான ஆள் அல்ல. கட்டவும் முடியாமல், விடவும் முடியாமல், பாக்கியை உருட்டிக்கொண்டே போகிறவன்தான் பாங்கிக்கு அட்சயபாத்திரம். வசதியுள்ளவனுக்குக் கிடைக்கும் பாயிண்டிலும் தள்ளுபடியிலும் ஒரு பங்கு, வசதியில்லாதவன் கட்டும் வட்டியிலிருந்து வருகிறது.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். நாம் பாங்கியில் போட்டு வைக்கும் சேமிப்புக்கு என்ன வட்டி? 2025-ல் பெரிய பாங்கிகள் பலவும் அதை 2.5 சதவீதமாகக் குறைத்துவிட்டன. அது வருஷத்துக்கு! நம்மிடம் வாங்கும்போது வருஷத்துக்கு இரண்டரை. நமக்கே திருப்பிக் கொடுக்கும்போது மாதத்துக்கு மூன்றரை. இந்த வித்தையைக் கிராமத்து வட்டிக்காரன்கூடக் கற்றதில்லை.

தவணை எப்போது, வட்டி எப்போது?

நாற்பத்தைந்து நாள், ஐம்பது நாள் என்று சொல்கிறார்களே, அது எல்லாச் செலவுக்கும் கிடையாது. மாதாமாதம் 10-ந் தேதி பில் போடுகிறார்கள், பணம் கட்டக் கடைசி நாள் 28-ந் தேதி என்று வைத்துக்கொள்வோம். ஜூன் 11-ந் தேதி வாங்கிய சாமான் ஜூலை 10-ந் தேதி பில்லில்தான் வரும். ஜூலை 28-க்குள் கட்டலாம். அதற்கு 47 நாள் தவணை. அதே சாமானை ஜூன் 9-ந் தேதி வாங்கினால் அது மறுநாள் பில்லிலேயே ஏறிவிடும். ஜூன் 28-க்குள் கட்ட வேண்டும். அதற்கு 19 நாள்தான் தவணை. இரண்டு நாள் வித்தியாசத்தில் இருபத்தெட்டு நாள் தவணை போய்விட்டது!

இதைவிட முக்கியமான சங்கதி ஒன்று உண்டு. முழுத் தொகையையும் கெடுவுக்குள் கட்டுகிறவனுக்கு மட்டுமே வட்டியில்லாத் தவணை. முழுவதும் கட்டாவிட்டால், கெடு முடிந்த நாளிலிருந்து அல்ல, சாமான் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓட ஆரம்பிக்கும். அதோடு போகாது. பாக்கி இருக்கும் வரையில் புதிதாக வாங்கும் சாமானுக்கும் தவணை கிடையாது. தேய்த்த நாளிலிருந்தே அதற்கும் வட்டி. இதைத் தெரிந்துகொள்ளாமல், "பழைய பாக்கி ஒருபுறம் இருக்கட்டும், இது புதுச் செலவு, இதற்கு அடுத்த மாதம்தானே" என்று தேய்க்கிறவர்கள் அநேகம் பேர்.

கார்டில் ரொக்கம் எடுத்தாலோ கேட்கவே வேண்டாம். ஒருநாள் தவணைகூடக் கிடையாது. எடுத்த நிமிஷத்திலிருந்து வட்டி. அதற்கு மேல், எடுத்ததற்காகவே ஒரு கட்டணம். பல பாங்கிகளில் அது நூற்றுக்கு இரண்டரை ரூபாய்.

'குறைந்தபட்சத் தொகை' என்ற கண்ணி

கார்டு பில்லில் இரண்டு தொகை அச்சிட்டிருப்பார்கள். ஒன்று, கட்ட வேண்டிய மொத்தத் தொகை. இன்னொன்று, 'குறைந்தபட்சத் தொகை'. சாதாரணமாக இது மொத்தத்தில் நூற்றுக்கு ஐந்து. இருபதாயிரம் பாக்கி என்றால் ஆயிரம் கட்டினால் போதும். எவ்வளவு இரக்கம் என்று தோன்றும். தோழர்களே, இதுதான் கண்ணி! எலிப்பொறியில் தேங்காய்ச் சில்லை வைப்பது எலியின் மீது உள்ள பிரியத்தால் அல்ல.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு தொழிலாளிக்கு ரூ. 20,000 பில் வருகிறது. வட்டி மாதம் 3.5 சதவீதம். அந்த வட்டியின் மீது மத்திய, மாநில சர்க்கார்களின் பங்காக 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வரி. ஆம், கடன்காரன் கட்டும் வட்டிக்கும் வரி உண்டு! இரண்டையும் சேர்த்தால் மாதம் நூற்றுக்கு 4 ரூபாய் 13 காசு. வருஷத்துக்கு 49 ரூபாய் 56 காசு. பாதிக்குப் பாதி!

முதல் மாதம் அவர் ரூ. 1,000 கட்டுகிறார். மீதி ரூ. 19,000. அதற்கு ஒரு மாத வட்டி ரூ. 665. வட்டிக்கு வரி ரூ. 119.70. அடுத்த பில் ரூ. 19,784.70. ஆயிரம் ரூபாய் கட்டினார். கடன் குறைந்ததோ 215 ரூபாய் 30 காசு! வாங்கிய நாளிலிருந்து ஏறும் வட்டியை இந்தக் கணக்கில் நாம் சேர்க்கவே இல்லை. சேர்த்தால் இந்த 215-ம் குறையும்.

இப்படியே மாதாமாதம் நூற்றுக்கு ஐந்து கட்டிக்கொண்டு, கார்டைத் தொடாமலும் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வருஷத்தில் அவர் கட்டியிருப்பது சுமார் ரூ. 11,300. ஆனால் பாக்கி இன்னும் சுமார் ரூ. 17,560 நிற்கும். அதாவது கட்டிய பதினோராயிரத்துச் சொச்சத்தில் ஏறக்குறைய ரூ. 8,900 வட்டிக்கும் வரிக்கும் போய்விட்டது. கடன் பாதியாகக் குறைவதற்கு 64 மாதம், அதாவது ஐந்து வருஷம் நாலு மாதம் ஆகும். வாங்கிய சாமான் உடைந்து குப்பைக்குப் போயிருக்கும். வட்டி மட்டும் உயிரோடு இருக்கும்.

அதே தொழிலாளி வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி மாதம் இரண்டாயிரமாகக் கட்டினால் என்ன ஆகும்? பன்னிரண்டு மாதம் இரண்டாயிரம், பதின்மூன்றாவது மாதம் ஆயிரத்துக்கும் குறைவு. அதோடு கடன் தீர்ந்துவிடும். மொத்தம் கட்டியது சுமார் ரூ. 25,000. அதுவும் அநியாயம்தான், ஆனால் முடிவு உள்ள அநியாயம். குறைந்தபட்சத் தொகையோ முடிவில்லாத அநியாயம். நோட்டீசும் வராது, ஆளும் வந்து மிரட்டமாட்டான். கடனாளி 'நல்ல வாடிக்கையாளர்' என்ற பட்டத்தோடு, சத்தமில்லாமல் கரைந்துகொண்டிருப்பார்.

வேறு சில வலைகள்

'வட்டியில்லாத் தவணை' என்று செல்போன் கடையில் பெரிய எழுத்தில் எழுதியிருப்பார்கள். சைபர் சதவீத வட்டி என்று ஒன்று கிடையவே கிடையாது என்று ரிசர்வ் பாங்கியே 2013 செப்டம்பரில் சுற்றறிக்கை விட்டுச் சொல்லியிருக்கிறது. ரொக்கத்துக்கு வாங்கினால் கிடைத்திருக்கும் தள்ளுபடி போய்விடும். அல்லது 'பிராசசிங்' கட்டணம் என்று ஒன்று வரும். வட்டி எங்காவது ஒளிந்திருக்கும், தேடினால் அகப்படும்.

சில கடைகளில் சாமான் வாங்கியதாகக் கார்டைத் தேய்த்துவிட்டு, நூற்றுக்கு இரண்டோ மூன்றோ பிடித்துக்கொண்டு ரொக்கம் தருகிறார்கள். ஒரு கார்டின் பாக்கியை இன்னொரு கார்டை இப்படித் தேய்த்துக் கட்டுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். இது குழியை நிரப்ப இன்னொரு குழி தோண்டுகிற வேலை. கடைசியில் குழியும் நிரம்பாது, நிற்க இடமும் இருக்காது.

சிநேகிதனுக்கும் மேஸ்திரிக்கும் சூபர்வைசருக்கும் கார்டை இரவல் கொடுப்பதும் ஆபத்து. தேய்த்தவர் யாராக இருந்தாலும் கடன் நமது பெயரில். கோர்ட்டுக்குப் போனாலும் நம்மைத்தான் கேட்பார்கள்.

இரண்டு வட்டிக்காரர்களுக்கு இரண்டு சட்டம்

இங்கே ஒரு விநோதத்தைக் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2003-ல் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தது. தண்டல், மீட்டர் வட்டி ஆகியவற்றை அது பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. சர்க்கார் நிர்ணயித்த விகிதத்துக்கு மேல் வட்டி வாங்குகிறவனுக்கு மூன்று வருஷம் வரையில் ஜெயில், 30,000 ரூபாய் வரையில் அபராதம். நல்ல சட்டம். ஊரில் மூன்று வட்டிக்கு விடுகிறவன், அதாவது வருஷத்துக்கு 36 சதவீதம் வாங்குகிறவன், சட்டத்துக்குப் பயப்பட வேண்டும்.

ஆனால் வருஷத்துக்கு 42 சதவீதம் வாங்கும் பாங்கிக்கு அந்தப் பயம் இல்லை. பாங்கி விதிக்கும் வட்டி அதிகம் என்ற காரணத்துக்காகக் கோர்ட்டுகள் கணக்கைத் திறந்து பார்க்கக்கூடாது என்று பாங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தில் 1984-ல் 21-ஏ என்ற பிரிவைச் சேர்த்துவிட்டார்கள். பாங்கி அல்லாத நிதிக் கம்பெனிகளுக்கும், அவை ரிசர்வ் பாங்கியில் பதிவு செய்திருந்தால், மாநில லேவாதேவிச் சட்டங்கள் பொருந்தா என்று 2022 மே மாதத்தில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புக் கூறியது.

இடையில் ஒரு நல்ல காரியமும் நடந்தது. 2008 ஜூலையில் தேசிய நுகர்வோர் கமிஷன், கெடுவுக்குள் கட்டாதவர்களிடம் வருஷத்துக்கு 30 சதவீதத்துக்கு மேல் கார்டு வட்டி வாங்குவது முறையற்ற வியாபாரம் என்று தீர்ப்பளித்தது. பாங்கிகள் சுப்ரீம் கோர்ட்டுக்கு ஓடின. வழக்குப் பதினாறு வருஷம் நடந்தது. 2024 டிசம்பர் 20-ந் தேதி சுப்ரீம் கோர்ட் அந்தத் தீர்ப்பை ரத்து செய்துவிட்டது. வட்டி விகிதத்தில் தலையிடுவது கமிஷனின் வேலை அல்ல, ரிசர்வ் பாங்கியின் வேலை என்பது அதன் சாரம். ரிசர்வ் பாங்கியோ வட்டி மிதமிஞ்சி இருக்கக்கூடாது என்று பாங்கிகளுக்குப் புத்தி சொல்கிறது. இன்ன சதவீதத்துக்கு மேல் கூடாது என்று எண்ணால் ஒரு வரம்பு கட்டவில்லை.

"ஈடு இல்லாமல் கொடுக்கும் கடன், ஆபத்து அதிகம், ஆகவே வட்டி அதிகம்" என்று பாங்கிகள் சமாதானம் சொல்கின்றன. கிராமத்து வட்டிக்காரனும் அட்சரம் பிசகாமல் இதையேதான் சொல்கிறான்! அவனிடமிருந்து நாம் ஏற்றுக்கொள்ளாத நியாயத்தை, கோட்டுப் போட்டுக்கொண்டு சொன்னால் மட்டும் ஏன் ஏற்றுக்கொள்ள வேண்டும்? கட்டாமல் போகிறவனுடைய நஷ்டத்தை, கஷ்டப்பட்டுக் கட்டுகிறவன் தலையில் ஏற்றுவது எந்த ஊர் நியாயம்? அமெரிக்காவில்கூட, அந்த நாட்டு மத்திய சர்க்காரின் சட்டப்படி நடக்கும் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் வருஷத்துக்கு 18 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்க முடியாது. கார்டுகளுக்கும் அதே வரம்புதான். வரம்பு கட்டினால் உலகம் அழிந்துவிடாது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

கார்டு வைத்திருப்பவர்களுக்கு

சட்டம் மாறும் வரையில் நாம் சும்மா இருக்க முடியுமா? முடியாது. கார்டு வைத்திருக்கும் தோழர்களுக்கு நாம் சொல்வது இதுதான்.

கையில் ரொக்கம் இருந்தால் வாங்கியிருப்பேன் என்ற சாமானுக்கு மட்டும் கார்டைத் தேய்க்க வேண்டும். பில் வந்ததும் மொத்தத் தொகையையும் கட்ட வேண்டும். இது முடியாதவர்களுக்குக் கார்டு வேண்டாம். வரம்பு இரண்டு லட்சம் என்று பாங்கி சொன்னால் அது நமது வருமானம் அல்ல. நம்மை எவ்வளவு ஆழம் வரையில் இறக்கலாம் என்று பாங்கி போட்ட கணக்கு.

பல கார்டு வேண்டாம். கேட்காமல் கார்டு கொடுப்பதற்குத் தடை இருக்கிறது. 2022-ல் ரிசர்வ் பாங்கி வகுத்த விதிகளின்படி, சம்மதமில்லாமல் கார்டு கொடுத்துப் பில்லும் போட்டால், பாங்கி அதை ரத்து செய்வதோடு அந்தத் தொகையைப் போல் இரண்டு மடங்கு நமக்கு அபராதமாகத் தரவேண்டும். பாக்கியைத் தீர்த்துவிட்டுக் கார்டை மூடச் சொன்னால் ஏழு வேலை நாளுக்குள் மூட வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு ரூ. 500 நமக்குத் தரவேண்டும். கெடு முடிந்து மூன்று நாளுக்குள் கட்டிவிட்டால் தாமத அபராதம் போடக்கூடாது. இந்த விதிகளெல்லாம் நமக்காக இருக்கின்றன; நாம் கேட்டால்தான் அவை உயிர் பெறும்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு

முதல் காரியம், கார்டைத் தேய்ப்பதை நிறுத்துவது. தண்ணீர் வரும் ஓட்டையை அடைக்காமல் படகிலிருந்து இறைத்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. இரண்டாவது, எத்தனை கார்டு, எவ்வளவு பாக்கி, என்ன வட்டி என்று ஒரு காகிதத்தில் எழுதி, வீட்டில் உள்ளவர்களுக்கு அதைக் காட்டுவது. கடனை மனைவியிடம் மறைக்கிறவன் வட்டிக்காரனுக்குத்தான் உதவி செய்கிறான். மூன்றாவது, வட்டி அதிகமுள்ள கடனை முதலில் அடைப்பது. மற்றவற்றுக்குக் குறைந்தபட்சத் தொகையாவது கட்டிக்கொண்டு, மிஞ்சும் ஒவ்வொரு ரூபாயையும் அந்த ஒன்றின் மீது போடுவது.

மூன்றரை வட்டிக் கடனைக் குறைந்த வட்டிக் கடனால் மாற்ற வழியிருந்தால் மாற்ற வேண்டும். ஆலைத் தொழிலாளர் கூட்டுறவுச் சிக்கன நாணயச் சங்கம் இருந்தால் அங்கே கேட்கலாம். கூட்டுறவு பாங்கியின் நகைக்கடன் வட்டி பொதுவாகக் கார்டு வட்டியில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவுதான். நகை போய்விடுமே என்ற பயம் நியாயமானது. மீட்பதற்கு மாதாமாதம் எவ்வளவு ஒதுக்க முடியும் என்று கணக்குப் பார்த்துவிட்டே வைக்க வேண்டும். ஒன்றும் இல்லாவிட்டால் பாங்கிக்கே எழுதி, பாக்கியைக் குறைந்த வட்டியில் மாதத் தவணையாக மாற்றச் சொல்லலாம். எதையும் எழுத்து மூலம் கேட்க வேண்டும். எழுத்து மூலம் பதில் வாங்க வேண்டும். 'பேசி முடிப்பது', அதாவது ஒரு தொகை கட்டி மீதியைத் தள்ளுபடி செய்துகொள்வது, கடைசி வழி. அது கடன் வரலாற்றில் பதிவாகிவிடும். பின்னால் வீட்டுக்கடனுக்கோ பிள்ளை படிப்புக் கடனுக்கோ போகும்போது குறுக்கே நிற்கும்.

வசூல் ஏஜெண்டுகளின் மிரட்டலுக்குப் பயந்து எத்தனையோ குடும்பங்கள் ஊரை விட்டு ஓடுகின்றன. சிலர் உயிரையே விட்டுவிடுகிறார்கள். ஆகவே இதை நன்றாக மனதில் பதித்துக்கொள்ளுங்கள். கார்டு பாக்கியைக் கட்ட முடியாமல் போவது சிவில் விவகாரம்; வறுமையால் கட்ட முடியாததற்காக மட்டும் யாரையும் ஜெயிலில் போட முடியாது. கையெழுத்துப் போட்ட வெற்றுச் செக்கை மட்டும் யாரிடமும் கொடுக்காதீர்கள். செக் திரும்பினால் அது கிரிமினல் வழக்காகிவிடும். காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் வசூலுக்காகப் போன் செய்யக்கூடாது என்று 2022 ஆகஸ்டில் ரிசர்வ் பாங்கி உத்தரவிட்டது. வைவதும், மிரட்டுவதும், பலர் முன்னால் அவமானப்படுத்துவதும், உறவினரையும் சிநேகிதரையும் தொந்தரவு செய்வதும் கூடாது. ஏஜெண்டு செய்யும் அக்கிரமத்துக்குப் பாங்கிதான் பொறுப்பு. போன் வந்த தேதி, நேரம், பேசிய பேச்சு எல்லாவற்றையும் குறித்து வையுங்கள். பாங்கிக்குப் புகார் எழுதுங்கள். 30 நாளில் பரிகாரம் கிடைக்காவிட்டால் ரிசர்வ் பாங்கியின் ஓம்புட்ஸ்மேனுக்கு எழுதலாம். காசு செலவில்லை, வக்கீலும் வேண்டியதில்லை.

கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தால் வாங்காமல் ஒளியக் கூடாது. போய் நமது கட்சியைச் சொல்ல வேண்டும். பாங்கிக்குச் சாதகமாகத் தீர்ப்பானாலும், சிவில் நடைமுறைச் சட்டம் 60-வது பிரிவு நமக்குத் துணை நிற்கிறது. தொழிலாளியின் கூலியையும், அவர் குடியிருக்கும் சொந்த வீட்டையும், கைவினைஞரின் கருவிகளையும், விவசாயியின் ஏர் மாடுகளையும், பிராவிடண்ட் பண்டையும் ஜப்தி செய்ய முடியாது. ஒன்றில் மட்டும் ஜாக்கிரதை வேண்டும். கார்டு கொடுத்த பாங்கியிலேயே சம்பளக் கணக்கும் இருந்தால், அதிலிருந்து பாக்கியை எடுத்துக்கொள்ளும் ஷரத்து பல ஒப்பந்தங்களில் உண்டு. கார்டு ஒரு பாங்கியிலும் சம்பளம் ஒரு பாங்கியிலும் இருப்பது நல்லது.

கடனுக்கு வேர் எங்கே?

"ஆசைப்பட்டு வாங்கினான், அனுபவிக்கிறான்" என்று சொல்வது சுலபம். கார்டைத் தேய்த்து விலையுயர்ந்த செல்போன் வாங்குகிற வாலிபர்கள் இல்லாமல் இல்லை. அவர்களைக் கண்டிக்க வேண்டியதுதான். ஆனால் பில்லைப் பிரித்துப் பாருங்கள். ஆஸ்பத்திரிச் செலவு இருக்கும். பள்ளிக்கூடக் கட்டணம் இருக்கும். ஷிப்டு குறைக்கப்பட்ட மாதத்தின் மளிகைச் சாமான் இருக்கும். கூலிக்கும் குடும்பச் செலவுக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தில்தான் இந்தக் கார்டு வந்து விழுகிறது. கூலி உயர்ந்தால் பள்ளம் தூரும். கூலியை உயர்த்தாமல் கடனை மட்டும் அள்ளிக் கொடுத்தால், இந்த மாதப் பள்ளத்தை அடுத்த மாதக் கூலியில் மண்ணெடுத்துத் தூர்க்கிற கதைதான் நடக்கும்.

ஆகவே நாம் கேட்பது தர்மம் அல்ல, நியாயம். கார்டு வட்டிக்குச் சட்டப்படி ஓர் உச்சவரம்பு வேண்டும். கந்துவட்டிக்காரனுக்குக் கூடாதது பாங்கிக்கும் கூடாது. கடனாளி கட்டும் வட்டியின் மீது போடும் வரியை எடுக்க வேண்டும். குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் இத்தனை மாதம் ஆகும், இத்தனை ரூபாய் வட்டி போகும் என்று ஒவ்வொரு பில்லிலும், தமிழில், பெரிய எழுத்தில் எண்ணோடு அச்சிட வேண்டும். அமெரிக்காவில் 2009-ல் வந்த சட்டம் இப்படி அச்சிடச் செய்திருக்கிறது. அங்கே முடிவது இங்கே முடியாதா?

இவற்றைச் சட்டசபையிலும் பார்லிமெண்டிலும் கேட்க வேண்டும். அதற்கு முன்னால், அடுத்த சம்பளத் தேதியன்று ஆலை வாசலில், தேநீர்க் கடையில், உங்கள் பக்கத்தில் இருக்கும் தோழரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "உன் கார்டுக்கு என்ன வட்டி?" அவருக்குத் தெரியவில்லை என்றால் இருவருமாக உட்கார்ந்து பில்லைப் பிரித்துக் கணக்குப் போடுங்கள். மூன்றரை வட்டி என்று தமிழில் அவர் காதில் விழட்டும். கிழவிக்குத் தெரிந்த அந்தக் கணக்கு எல்லோருக்கும் தெரிந்துவிட்டால், பளபளப்பைக் காட்டி யாரும் நம்மை ஏமாற்ற முடியாது.